எட்டே காலுக்கு மேல் ஆளில்லாத வீடு

காலை எட்டே காலுக்குக் கூடத்து மின்விசிறி நின்றது. செல்வப்பிரியா அப்போதுதான் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு அதன் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பங்குனி வெயில் அதற்குள் வாசல்படி ஏறியாயிற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வெயிலைப் பற்றிக் கேரளத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மழையெல்லாம் மற்றவர்களுக்கு, வெக்கை மட்டும் இவர்களுக்கு என்று யாரோ பங்கு பிரித்துக் கொடுத்தது போலிருக்கும்.

“வீட்டில் யாரும் இல்லை. அனைத்தும் அணைக்கப்படுகிறது” என்றது சுவரில் பதித்திருந்த வெள்ளை உருண்டை.

“அப்ப நான் ஆரு?” என்று செல்வப்பிரியா கேட்டாள்.

உருண்டை வாய் திறக்கவில்லை. அதைக் கூப்பிடுகிற விதத்தில் கூப்பிட்டால்தான் பேசும். அந்த விதம் அவளுக்கு ஆகாது. எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது. பதினைந்து நிமிடம் சுற்றும், பிறகு நின்றுவிடும், மறுபடி எழுந்து போக வேண்டும். ஒரு முறம் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழ வேண்டியிருக்கிறது. சொந்த வீட்டில், சொந்தத் தலைக்கு மேல் கொஞ்சம் காற்று வருவதற்காக இத்தனை நடை நடக்கிற பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

இந்த ஏற்பாடெல்லாம் அவளுடைய நன்மைக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஊர்ப் பால் சங்கத்தில் டெஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. பால் கொண்டுவருகிறவர்களிடம் மாதிரி எடுத்து, கொழுப்பும் கனமும் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை அது. காலையில் ஐந்தரையிலிருந்து எட்டு வரை, மத்தியானம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை. செல்வப்பிரியா பி.காம். படித்தவள். பதினோரு வருடமாக இரண்டு கறவை வைத்து அதே சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவள். பாலை விரலில் தொட்டுப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இந்தப் படிப்பையும் இந்த விரலையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பல வருடமாகவே உறுத்தல். அந்த வேலை தனக்கென்றே வந்தது போல அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்று ராத்திரிச் சோறு போடும்போது கணவனிடம் சொன்னாள்.

கணவன் மாரீஸ்வரனுக்குக் கோயமுத்தூரில் பம்புசெட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் எட்டு மணி பஸ்ஸில் வேலந்தாவளம் வழியாகப் போனால் திரும்ப ஏழரை ஆகும். கெட்டவன் என்று யாரும் சொல்லமுடியாது. குடிக்கமாட்டான், அதட்டமாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீ போயிட்டீன்னா ஊட்ட ஆரு பாக்கறது?” என்று ஒரு கேள்விதான் கேட்டான். செல்வப்பிரியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவனே வந்து சமாதானம் பேசினான். “ஒண்ணு பண்ணலாம் புள்ள. ஊடு தன்னால ஓடற மாதிரி பண்ணீர்றேன். இப்ப எல்லாத்துக்கும் மிசினு வந்துருச்சு. ஒருக்கா அது செட்டாயிட்டா, நீ எங்க வேணும்னாலும் போய்க்கோ.”

அவள் நம்பினாள். நம்பியதில் தப்பும் இல்லை, ஏனென்றால் முதலில் வந்தவையெல்லாம் நல்ல சாமான்கள். ஆழ்குழாய் மோட்டார் தொட்டி நிரம்பினதும் தானாக நின்றது. அதுவரைக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக அவள் முழங்கால் தேய்ந்து கொண்டிருந்தது. சமையலறையில் கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வந்தது. மகள் மாதுரி பால் காய்ச்சிவிட்டுத் திருகைச் சரியாக மூடாமல் போன அன்றைக்கு அந்தப் பெட்டி கத்தித்தான் குடும்பம் பிழைத்தது. மாட்டுக் கொட்டகையில் இருட்டத் தொடங்கியதும் தானே எரியும் விளக்கு வந்தது. இந்த மூன்றுக்கும் செல்வப்பிரியா மனசாரக் கும்பிடு போட்டாள். இன்னும் இரண்டு சாமான் இப்படி வந்தால் வீட்டைப் பூட்டாமலே வேலைக்குப் போகலாம் என்று ராசம்மாளிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். ராசம்மாள் எதிர்வீட்டுக்காரி. அவளிடம் ஒன்றைச் சொன்னால் தெரு முழுவதும் தெரிந்த மாதிரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாரீஸ்வரனுக்கு ருசி கண்டுவிட்டது. பாலக்காட்டிலிருந்து ரிஞ்சு என்று ஒரு பையன், முதுகில் பையும் காதில் ஒரு குமிழுமாக வந்து, வீடு முழுக்கச் சுவரைக் குடைந்தான். விளக்கு, விசிறி, டி.வி., வாசல் மணி, கதவு எல்லாவற்றையும் அந்த வெள்ளை உருண்டையோடு சேர்த்தான். கடைசியில், “சேட்டா, இதைக் கூப்பிடறதுக்கு ஒரு பேரு வேணும். என்ன பேரு போடட்டே?” என்று கேட்டான்.

பஞ்சாயத்து ஆபீஸானாலும் ரேஷன் கடையானாலும், பேர் என்ன என்று கேட்டால் குடும்பத் தலைவர் பேரைச் சொல்லித்தான் நம் ஆட்களுக்குப் பழக்கம். “மாரீஸ்வரன்” என்றான் மாரீஸ்வரன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ரிஞ்சு அதையே தட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால், “மாரீஸ்வரன், விளக்குப் போடு” என்று சொல்ல வேண்டும்.

எட்டாவது படிக்கிற மாதுரிக்கு ஒரே கொண்டாட்டம். “மாரீஸ்வரன், டி.வி. போடு! மாரீஸ்வரன், சத்தத்தக் கொற!” என்று நாள் முழுக்க அப்பனை ஏவினாள். அப்பனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

செல்வப்பிரியாவுக்கு மட்டும் அது ஆகவில்லை. நாம் இத்தனை தடவை சொல்லிவிட்ட அந்தப் பேரை அவள் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவளைப் பெற்றவளும் தன் புருஷன் பேரைச் சொன்னதில்லை, மாமியாரும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் சீட்டெழுதுகிறவள் கேட்டால் பக்கத்தில் நிற்கிற ராசம்மாளைப் பார்ப்பாள், ராசம்மாள் சொல்வாள். இதில் பக்தியும் கிடையாது, பயமும் கிடையாது. கோபம் வந்தால் அவனை நன்றாகவே திட்டுவாள், பேர் சொல்லாமலே திட்டுவாள். நாக்கு அப்படிப் பழகிப்போயிற்று, அவ்வளவுதான். ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றுகூடப் பார்த்தாள். “மா” வரைக்கும் வந்தது. கொட்டகையிலிருந்து மாடு பதில் கொடுத்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அத்தோடு விட்டுவிட்டாள்.

“அந்தப் பேர மாத்தச் சொல்லுங்க” என்று கணவனிடம் சொன்னாள்.

“ரிஞ்சு வந்தாத்தான் ஆகும். பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்குது.”

ரிஞ்சுவுக்குப் போன் போட்டால், “அடுத்த ஆழ்ச்ச உறப்பா வரும் சேச்சி” என்பான். மூன்று மாதமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. மாரீஸ்வரனுக்கும் அவசரம் இல்லை. பொங்கலுக்கு வந்த தம்பி குடும்பத்திடம், “எங்கூட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் என்ற பேரச் சொல்லமாட்டா, தெரியுமா?” என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னதை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். அவள் பேர் சொல்லாமலிருப்பதும் அவனுக்குப் பெருமை, பேர் சொன்னால் மட்டும் வேலை செய்கிற வீடும் அவனுக்குப் பெருமை. நடுவில் கிடந்து வேகிறவள் யாரென்று அவன் யோசித்ததில்லை.

விளக்கும் விசிறியும் மட்டும் என்றால் எழுந்து போய்த் தட்டிக்கொள்ளலாம். விவகாரம் அதோடு முடியவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அந்த உருண்டை இரண்டு வழியில்தான் தெரிந்துகொள்ளும். மாரீஸ்வரனின் போன் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கு ஒரு தடவையாவது யாராவது அதைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். செல்வப்பிரியாவின் போன் பழசு, அதில் இந்தச் சமாச்சாரம் ஏறாது. புதுசு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே எட்டு மணி பஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, மாரீஸ்வரனின் போன் ஊரைவிட்டுப் போனதும், வீடு தன்னைக் காலி என்று முடிவு செய்துகொள்ளும். விசிறி நிற்கும். வாசல் மணியை யாராவது அழுத்தினால் உள்ளே சத்தம் வராது, கோயமுத்தூரில் அவன் போனில்தான் அடிக்கும். அவன் அங்கிருந்தே வந்தவர்களிடம் பேசுவான். ஒருநாள் மீன்காரர் வாசலில் நின்று சுவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்துச் சிரித்தது.

“நான் ஊட்டுக்குள்ள இருக்கறேன், ஆளில்லைங்குது” என்று அவள் பல தடவை சொல்லியாயிற்று.

“ஒரு சத்தம் குடுத்தீன்னா அதுக்குத் தெரிஞ்சிரும். என்ற பேரச் சொல்றதுல உனக்கென்ன புள்ள அப்படிக் கூச்சம்?” என்பான் சிரித்துக்கொண்டு. வேலைக்குப் போகிற பேச்சை எடுத்தால் மட்டும் சிரிக்கமாட்டான். “இன்னும் செட்டாகல. ஆகட்டும், ஆகட்டும்” என்பான்.

செட்டாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கிழவியாகிவிடுவோம் என்று செல்வப்பிரியா தன் பாட்டுக்கு மனுக் கொடுத்தாள். நேர்முகத்துக்குப் போனாள். பதினொரு பேரில் முதல் பேராக வந்தாள். சங்கத் தலைவி ஜானகியம்மாளே அவளைக் கூப்பிட்டு, “இந்த வாரத்துக்குள்ள ஆர்டர் வரும். ஊட்டுல இருந்துக்கோ அம்மிணி” என்று சொன்னார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தச் சங்கத்தில் வேலை உத்தரவைத் தபாலில் அனுப்புகிற வழக்கமில்லை. முன்னொரு தடவை தபால் தாமதமாகிப் பெரிய வழக்காகிவிட்டதாம். அதிலிருந்து சங்கத்து ஆள் சின்னமுத்து கையில் கொடுத்தனுப்புவார்கள். உரிய ஆள் நோட்டில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உறையின் மேல் ‘ஆளில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். மத்தியானப் பால் நேரத்துக்குள் லிஸ்டில் அடுத்த பேருக்கு உத்தரவு போய்விடும். பால் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவர்கள் கட்சி. அடுத்த பேர் டின்டு என்ற பெண். அவள் வீட்டில் நாலு பேர் எப்போதும் வாசலிலேயே இருப்பார்கள்.

இதைக் கணவனிடம் இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து கூடத்தை விட்டு நகரவில்லை. கதவைத் திறந்தே வைத்துவிடலாம் என்று பார்த்தால், திறந்து வைத்த ஐந்தாவது நிமிடம் உருண்டை ஊளையிடத் தொடங்கியது. காலி வீட்டில் கதவு திறந்திருக்கிறதல்லவா, அதற்காக. ஆகவே சாத்திய கதவுக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக, வெங்காயம், அவரைக்காய், அரிசியில் கல் என்று எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வியாழக்கிழமை.

பத்தரை மணிக்குப் பின்னால் ஏதோ தடாலென்று விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தவிட்டுப் பீப்பாயைத் தள்ளிவிட்டு, அதிலேயே காலை விட்டுக்கொண்டு நிற்கிறது. அதை இழுத்துக் கட்டி, தவிட்டை அள்ளி, காலைக் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வந்து முறத்தை மடியில் வைத்தபோது எதிர்வீட்டு ராசம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

“ஏனம்மிணி, சின்னமுத்து வந்து நின்னாரே, நீ கதவே தொறக்கலியே?”

செல்வப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். “எப்பங்க்கா?”

“இப்பத்தான். கையில கவரு வெச்சிருந்தாரு. பெல்ல அமுத்துனாரு. உங்கூட்டுக்காரரு கொரலு செவுத்துலிருந்து கேட்டுச்சு, ஊட்டுல ஆருமில்லீங்கன்னு. அவரும் சரீன்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நீ எங்காச்சும் போயிருப்பியாட்டன்னு நானும் இருந்துட்டேன்.”

முறம் கவிழ்ந்து வெங்காயம் கூடமெல்லாம் ஓடியது. செல்வப்பிரியா போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, பெல்லடிச்சவர்கிட்ட என்னங்க சொன்னீங்க?”

“ஆரு? ஆமா, ஒரு ஆளு வந்தாரு. எதோ விக்கற ஆளுன்னு நெனச்சேன். இங்க மிசின்ல பம்ப ஏத்தீட்டிருந்தேன் புள்ள. போன்ல பாத்தேன், ஊட்டுல ஆருமில்லைன்னு காட்டுச்சு, அதச் சொன்னேன்.”

“நான் ஊட்டுல இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றான். “ஆனா அதுல காட்டலியே.”

நேற்று ராத்திரி அவளிடம் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவன், காலையில் அவள் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவன், அவள் வீட்டில் இருக்கிறாளா என்று போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். வேண்டுமென்றே செய்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. வேண்டுமென்று செய்திருந்தாலாவது அவளை நினைத்தான் என்று ஆகும். நினைக்கவே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவைப் பூட்டவும் இல்லை, சாத்தவும் இல்லை. பின்னால் உருண்டை ஊளையிடுவது தெருமுனை வரைக்கும் கேட்டது.

சங்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோ எதுவும் வரவில்லை. தென்னந்தோப்பு முடிந்ததும் நிழலும் முடிந்துவிட்டது, தார் ரோடு செருப்பு வழியாகச் சுட்டது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். போகிற வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். ரிஞ்சுவைத் திட்டினாள், உருண்டையைத் திட்டினாள், தன் நாக்கைத் திட்டினாள். ஒரு பேர், நாலு எழுத்தோ ஆறு எழுத்தோ, அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு இப்படி வெயிலில் ஓட வேண்டாம். அதற்காக அதைச் சொல்லியிருக்க வேண்டுமா? தன் வீட்டில் தான் இருப்பதற்கு அவன் பேரைச் சொல்லி அத்தாட்சி கொடுக்க வேண்டுமா? அந்த நினைப்பு வந்ததும் நாக்கைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சங்கத்து வாசலில் சின்னமுத்து வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் புது உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, நில்லுங்க! அது ஆருக்குங்க?”

“டின்டுவுக்கும்மா. உங்கூட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். ஆளில்லைன்னு உங்க ஊட்டுக்காரரே சொன்னாரு.”

“நான் ஊட்டுலதானுங்க இருந்தேன்! பின்னால கன்னுக்குட்டியக் கட்டீட்டிருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே!”

“ஊட்டுக்காரரே ஆளில்லைன்னு சொன்ன ஊட்டுல நான் எப்படிம்மா சத்தம் போடறது?” என்றார் சின்னமுத்து. அதுவும் நியாயம்தான். ஆனால் வண்டியை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தால் நிறுத்தாமல் போக முடியாது.

உள்ளே தலைவி ஜானகியம்மாளும் செக்ரெட்டரியும் இருந்தார்கள். பால் பணம் வாங்க வந்த ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் அவள் பேர் எழுதிய உறை கிடந்தது, குறுக்கே சிவப்பு மையில் ‘ஆளில்லை’ என்று. செல்வப்பிரியா நடந்ததைச் சொன்னாள். உருண்டை, போன், பேர், கன்று எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

செக்ரெட்டரி சிரிக்கவில்லை. “சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஊட்டுக்காரரு ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஊட்டு மிசினும் ஆளில்லைங்குது. நாளைக்கு அந்த டின்டு ஊட்டுக்காரங்க வந்து கேட்டா நாங்க என்ன சொல்றது?”

“ராசம்மாக்காவக் கேட்டுப் பாருங்க.”

“அந்தம்மா உங்களைப் பாத்தாங்களா?”

“இல்லீங்க” என்றாள் செல்வப்பிரியா. ராசம்மாளும் அவள் எங்கோ போயிருப்பதாகத்தான் நினைத்திருக்கிறாள்.

ஜானகியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஆளில்லைன்னு சொன்னது ஆரு? உன்ற ஊட்டுக்காரன். அவனையே கேட்டுப்போடலாம். போடு போன. சத்தமா வெய்யி.”

போன் மேசை நடுவில் வைக்கப்பட்டது. மணி அடித்தது. இப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இல்லைங்க, அவ வெளீல போயிருந்தா’ என்று சொல்லிவிட்டால் யாரும் அவனைக் குற்றம் சொல்லப் போவதில்லை. வேலை டின்டுவுக்குப் போகும், வீடு பழையபடி நடக்கும், காலையில் ஐந்தரைக்கு அவனுக்குக் காப்பி யார் போடுவது என்ற கேள்வியே எழாது. பதினைந்து வருடம் கூட இருந்தும் அவன் என்ன சொல்வான் என்று அவளால் உறுதியாக நினைக்க முடியவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாரீஸ்வரன் எடுத்தான். ஜானகியம்மாள் விஷயத்தைச் சொன்னார்.

“அது என்னங்கன்னா, அந்த ஆப்புல எப்படின்னா, என்ற போனு பாலத்தத் தாண்டுச்சுன்னா...” என்று அவன் ஆரம்பித்தான்.

“ஆப்பு கெடக்கட்டும் தம்பி. உன்ற சம்சாரம் ஊட்டுல இருந்தாளா, இல்லியா? ஒரே வார்த்த.”

மறுமுனையில் அவன் மிசினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தார்கள்.

“இருந்தாளுங்க” என்றான் மாரீஸ்வரன். “அவ எங்கீங்க போவா? பதனஞ்சு வருசமா ஊட்டுலதான் இருக்கறா. போறதுக்கு அவளுக்கு எடம் ஏதுங்க?”

அவன் அவளுக்கு உதவியாகத்தான் சொன்னான். கள்ளமில்லாமல், மனசில் இருந்ததை அப்படியே சொன்னான். பெஞ்சில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். செக்ரெட்டரிகூடச் சிரித்துவிட்டு, “செரி, இதுக்கு மேல சாட்சி வேண்டாம்” என்று உறையை எடுத்துச் சிவப்பு மை எழுத்தை அடித்தார். ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. நோட்டை அவள் பக்கம் திருப்பி, “ஒப்புப் போடு அம்மிணி” என்றார்.

செல்வப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆறு மாதம் ஏங்கின வேலை கைக்கு வந்துவிட்டது. வந்த வழிதான் நெஞ்சில் குத்தியது. அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டான், அத்தனை பேர் காதுபட. அந்த உண்மைக்கு அவளும் பதினைந்து வருடம் உடந்தையாக இருந்திருக்கிறாள் என்ற எண்ணம் இன்னும் சுட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் ஒப்புப் போட்டாள். முழுப் பேரையும், தலைப்பெழுத்தோடு, நிறுத்தி எழுதினாள்.

“எப்பலிருந்துங்க வரோணும்?”

“பழைய டெஸ்டரு நேத்தோட நின்னாச்சு. இன்னைக்கு ரெண்டரைப் பாலுக்கே ஆளில்ல” என்றார் செக்ரெட்டரி. “இருந்துக்கிறீங்களா?”

“இருக்கறனுங்க.”

மேசை மேலிருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதிலிருந்து மாரீஸ்வரனின் குரல் வந்தது. “ஏ பிரியா, செரியாயிருச்சல்ல? சந்தோசம். இங்க அலாரம் அடிச்சுட்டே இருக்குது பாரு, கதவு தொறந்து கெடக்குதுன்னு. போயி மொதல்ல கதவச் சாத்து. அப்பறம் இன்னைக்குப் பஞ்சாயத்துத் தண்ணி வர்ற நாளு. நாலு மணிக்கு வால்வத் தொறக்கோணும். அதுக்கு இன்னும் மிசின் வெக்கல. நீ இங்கயே இருந்துட்டீன்னா அங்க ஆரு?”

செல்வப்பிரியா போனைக் கையில் எடுத்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

“பன்னண்டரை பஸ்ஸுல ஏறுங்க. நாலு மணிக்கு முன்னாலயே வந்துரலாம். எப்படியும் நீங்க வந்தாத்தானுங்க அந்த ஊட்டுல ஆளிருக்குதுன்னு கணக்கு” என்றாள்.

போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மாதிரிப் புட்டிகள் எங்கே இருக்கின்றன என்று சின்னமுத்துவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.